கண்ணை மூடிக்கொண்டு எழுதிய ஆபரேஷன்

எங்கள் சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் போதகரைச் சுற்றி நிற்கிற கூட்டத்தைவிட என்னைச் சுற்றி நிற்கிற கூட்டம் பெரிது. எல்லார் கையிலும் ஒரு ஸ்கேன் கவர் இருக்கும். "பிளெசி, இதுல கோலிசிஸ்டெக்டமின்னு போட்டிருக்கே, அப்படின்னா என்னம்மா?" என்பார்கள். நானும் சளைக்காமல் சொல்வேன். எக்டமி என்று முடிந்தால் எடுத்து வெளியே போட்டுவிடுவார்கள், இதில் போவது பித்தப்பை. ஆட்டமி என்றால் வெட்டித் திறப்பது மட்டும். பிளாஸ்டி என்றால் ரிப்பேர். "தினமும் ஆபரேஷன் தியேட்டர்ல நிக்கிற பொண்ணு, தெரியாமலா இருக்கும்" என்று அவர்களாகவே சொல்லிக்கொண்டு போவார்கள்.

நான் தியேட்டரில் நிற்பதே இல்லை. நான் மெடிக்கல் ஸ்க்ரைப். செகந்திராபாத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஏசி குளிருக்குச் சால்வை போர்த்திக்கொண்டு, காதில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருப்பேன். மேலே டாக்டர் பத்மப்ரியா ஆபரேஷன் செய்துகொண்டே மைக்கில் சொல்லச் சொல்ல, நான் டைப் அடிப்பேன். ரத்தம் எனக்கு எழுத்தில்தான் பரிச்சயம். வீட்டில் மீன் வெட்டினாலே மொட்டை மாடிக்கு ஓடிவிடுவேன். இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்காததற்கெல்லாம் பதில் சொல்லித் திரிய நான் என்ன ரேடியோவா?

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் மண்ணைப் போட்டவர் என் மாமனார் சாம்ராஜ்.

மாமா லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வெல்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவருக்கு வலது பக்கக் கவட்டில் குடலிறக்கம். எலுமிச்சம்பழம் மாதிரி ஆரம்பித்தது, மாங்காய் மாதிரி ஆகிவிட்டது. மனிதர் யாருக்கும் தெரியாமல் உள்ளே ஒரு பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, போலாரத்துக்கும் திருமுல்கேரிக்கும் ஸ்கூட்டரில் சுற்றிக்கொண்டிருந்தார். கேட்டால், "படுத்தா உள்ள போயிருது, பிறகென்ன?" என்பார்.

ஒருநாள் படுத்தும் உள்ளே போகவில்லை. வலியில் துடித்தவரை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். எமர்ஜென்சியில் ஊசி போட்டு, மெதுவாக அமுக்கி உள்ளே தள்ளினார்கள். டாக்டர் பத்மப்ரியா வந்து பார்த்துவிட்டு என்னைத் தனியாக அழைத்தார். "அடுத்த தடவை குடல் மாட்டிக்கிச்சுன்னா அழுகிப்போயிரும் பிளெசி. அப்புறம் உயிருக்கே ஆபத்துங்க. வியாழக்கிழமையே முடிச்சுடலாம்" என்றார்.

"நக்கோ" என்றார் மாமா. அவர் திருநெல்வேலித் தமிழில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவார், ஆனால் முடியாது என்று சொல்ல மட்டும் அவருக்கு ஹைதராபாத் பாஷைதான் வேண்டும். என் கணவர் கலேப் கெஞ்சினார். என் மாமியார் பேபி அத்தை அழுதார்கள். மாமா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில், "அப்ப அந்த பெல்ட்டையே கட்டிக்கிட்டுப் பரலோகம் போங்க மாமா!" என்று கத்திவிட்டேன்.

மாமா மெதுவாகத் திரும்பினார். "சரி, வாரேன். ஆனா ஒண்ணு. நீ உள்ள என் தலைமாட்டுல நிக்கணும். நின்னா வாரேன், இல்லன்னா என்னை விட்டுருங்க."

"அவ தெனமும் நிக்கிறவதான? உங்களுக்கு நிக்கமாட்டாளா?" என்றார்கள் அத்தை, கண்ணைத் துடைத்துக்கொண்டே. இப்போது உண்மையைச் சொன்னால் மனிதர் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார், குடல் மாட்டிக்கொள்ளும். "அதுக்கென்ன மாமா, நிக்கிறேன்" என்றேன்.

டாக்டரிடம் போய் விஷயத்தைக் கொட்டினேன். அவர் கோயம்புத்தூர்க்காரர், சிரிக்க ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். சிரித்து முடித்துவிட்டு, "வாங்க பிளெசி. எழுதற ஸ்டாண்டை உள்ளயே வச்சுக்கலாம். ஆனா விழறதா இருந்தா என் டேபிள் பக்கம் விழக்கூடாது, சரிங்களா?" என்றார்.

வியாழக்கிழமை வந்துவிட்டது. மாமாவுக்கு முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துவிடும், ஆனால் ஆள் முழு விழிப்பாக இருப்பார். நெஞ்சுக்கு மேல் பச்சைத் துணியைத் திரையாகக் கட்டினார்கள். திரைக்கு அந்தப் பக்கம் டாக்டர், இந்தப் பக்கம் மாமாவின் தலை, தலைமாட்டில் சக்கர ஸ்டாண்டும் கீபோர்டுமாக நான். தொப்பியும் முகமூடியும் போட்டிருந்ததால் என் முகம் வெளுத்தது யாருக்கும் தெரியவில்லை.

டாக்டர் ஆரம்பித்தார். "ரைட் இங்குவைனல் இன்சிஷன்." வலது கவட்டில் கத்தி வைத்துவிட்டார் என்று அர்த்தம். சட்டென்று கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணை மூடியதும் அது என் பழைய கீழ்த்தளத்து அறையாகிவிட்டது. காதில் குரல், விரலில் கீபோர்டு. எனக்குப் பார்த்து அடிக்க வேண்டிய அவசியமே இல்லை. சதையை விலக்கினார், அடித்தேன். இறங்கிய குடலின் பை தெரிகிறது என்றார், அடித்தேன். ஆகா, இவ்வளவுதானா என்று எனக்கே தெம்பு வந்தது.

"ஏம்மா, கண்ண மூடிக்கிட்டு நிக்க? ஜெபம் பண்ணுதியா?" என்று கீழேயிருந்து மாமாவின் குரல் வந்தது.

எங்கள் வீட்டில் கண்ணை மூடினால் ஒன்று தூக்கம், இல்லையென்றால் ஜெபம். தூங்குகிறேன் என்று சொல்ல முடியுமா? "ஆமா மாமா" என்றேன்.

"ஐயோ, ஜெபம் பண்ணுற அளவுக்கு நெலம மோசமா போச்சா?"

மானிட்டர் கீக் கீக் என்று கத்த ஆரம்பித்தது. மாமாவின் பிரஷர் ஏறுகிறது. "டென்ஷன் நக்கோ தாத்தா" என்று மயக்க மருந்து டாக்டர் யோகேஷ் அவர் தோளைப் பிடித்தார். மாமா தலையைத் தூக்கப் பார்த்தார்.

இதைக் கேட்டுத் திரைக்கு அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டிருந்த டாக்டர் சட்டென்று நிறுத்தினார். "ஐயா, அசையக் கூடாதுங்க. பிளெசி, அவரை அமைதிப்படுத்துங்க, இப்பவே" என்றார் டாக்டர்.

"நீ பாத்துச் சொல்லு. நீ சொன்னாத்தான் நம்புவேன்" என்றார் மாமா. என் கையைப் பிடித்துக்கொண்டார். எத்தனையோ ரயில் பெட்டிகளுக்கு ஒட்டுப் போட்ட கை அது, ஐஸ் மாதிரி சில்லிட்டிருந்தது. எனக்குத் தாங்கவில்லை. வருவது வரட்டும் என்று கண்ணைத் திறந்து, திரைக்கு மேலே எட்டிப் பார்த்தேன்.

பார்த்தேன். ஓடவில்லை. சிவப்புக்கு நடுவில் வெள்ளையாக, கொசுவலையில் கத்தரித்தது போல ஒரு துண்டை டாக்டர் பதித்துக்கொண்டிருந்தார். அதைத்தான் நான் மெஷ், மெஷ் என்று இத்தனை வருடமாக அடித்துக்கொண்டிருக்கிறேன்.

"குடல உள்ள தள்ளியாச்சு மாமா. ஓட்டை இருந்த எடத்துல வல வச்சு அடைக்கிறாங்க. நம்ம ஒர்க்‌ஷாப்ல பேட்ச் போடுவீங்கல்ல, அதே வேலதான்."

மாமாவின் பிடி கொஞ்சம் தளர்ந்தது. "பேட்ச்சா? நாலு மூலையிலயும் டேக் வெல்டு அடிச்சு நிறுத்துனாங்களான்னு கேளு. இல்லன்னா நகந்துரும்."

"ஓரம் பூரா தைக்கிறேனுங்க ஐயா, ஒரு பக்கமும் நகராது" என்று டாக்டரே பதில் சொன்னார்.

"சபாஷ்!" என்றார் மாமா. மானிட்டரும் கத்துவதை நிறுத்தியது. அதற்குப் பிறகு தையல் முடிகிறவரை டாக்டருக்கும் மாமாவுக்கும் வெல்டிங் பற்றி ஒரே பேச்சு. எதை எழுதுவது, எதை விடுவது என்று நான்தான் திண்டாடினேன்.

கடைசியாக, எல்லா ஆபரேஷனுக்கும் டாக்டர் சொல்கிற வரியைச் சொன்னார். "பேஷன்ட் டாலரேட்டட் தி ப்ரொசீஜர் வெல்."

"என்னது, என்னையவா சொல்லுதாங்க?"

"ஆமா மாமா. நீங்க நல்லா தாங்கிக்கிட்டீங்கன்னு சொல்றாங்க."

அந்த வரியை நான் எத்தனை பேருக்கு அடித்திருப்பேன்! கை அதுபாட்டுக்கு அடித்துவிடும், மனசு சாப்பாட்டு டப்பாவில் இருக்கும். அன்றைக்கு ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து அடித்தேன். கண் கலங்கியதில் இரண்டு இடத்தில் தப்பு விழுந்து, திருத்த வேண்டியதாயிற்று. மாமாவைத் தள்ளுவண்டியில் வெளியே கொண்டுபோனார்கள். நான் வாசல்வரை நடந்தேன். அவ்வளவுதான் ஞாபகம் இருக்கிறது.

கண் விழித்தபோது ரெக்கவரி அறையில், மாமாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தேன். என் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. மாமா நர்ஸிடம் ஜோராகக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். "மீன் வெட்டுனா மாடிக்கு ஓடுதவ. இவ தியேட்டர்ல நிப்பாளா? எனக்கு அது முன்னாடியே தெரியும்."

நான் பொங்கி எழுந்தேன். ஆத்திரத்தில் எனக்கும் ஹைதராபாத் பாஷை வந்துவிட்டது. "தெரிஞ்சே கூப்பிட்டீங்களா? கைக்கு மாமா, எதுக்கு? என்னைக் கொல்லணும்னு எத்தனை நாளா திட்டம்?"

மாமா சிரிக்கப் போய், தையல் ஞாபகம் வந்து, நிறுத்திக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பயமா இருந்துச்சும்மா. கலேப்ப நிக்கச் சொன்னா, 'ஒண்ணுமில்லப்பா, ஒண்ணுமில்லப்பா'ன்னு சொல்லியே என்னையக் கொன்னுருவான். என்னைவிடப் பயப்படுத ஆளு ஒண்ணு பக்கத்துல இருந்தா, எனக்குத் தொணையா இருக்கும்னு நெனச்சேன். நம்ம வீட்டுல உன்னைய விட்டா வேற யாரு இருக்கா?"

கோபத்தில் அழுகிறேனா சிரிக்கிறேனா என்று தெரியாமல் குளுக்கோஸ் கையை ஆட்ட, நர்ஸ் ஓடிவந்து பிடித்தாள்.

"ஆனா நீ எட்டிப் பாத்துட்டியே!" என்றார் மாமா. அப்புறம் நர்ஸ் பக்கம் திரும்பி, "டாக்டர் சொன்ன அந்தக் கடைசி வரிக்குக் கீழ இன்னொண்ணு எழுதச் சொல்லும்மா. மருமகளும் நல்லா தாங்கிக்கிட்டா" என்றார்.