ஒரு டாலர் வண்டி

என் கணவன் ரெய்னோவுக்குப் பொய் சொல்ல வராது. ஆரம்பித்தாலே காது இரண்டும் சிவந்துவிடும். அது தெரிந்தும் திவால் டிரஸ்டி அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு பொய்யைச் சொன்னானே, அந்தத் துணிச்சலை நான் என்னவென்று சொல்ல!

அவனை அங்கே இழுத்துக்கொண்டு போனதே நான்தான். அவன் வேலை பார்த்த காகித ஆலை மூடியதிலிருந்து எங்கள் வீட்டு அடுப்பு கிரெடிட் கார்டில்தான் எரிந்தது. ஒரு கார்டை அடைக்க இன்னொரு கார்டு, அதை அடைக்கக் கொள்ளை வட்டிக்காரனிடம் கைநீட்டல். வசூல்காரர்கள் காலைக் காபி ஆறுவதற்குள் ஃபோன் செய்வார்கள். நான் ஃபோனை மாவு டப்பாவுக்குள் போட்டு மூடினேன். சனியன், அதற்குள்ளிருந்தும் உறுமியது. ரெய்னோ பேச்சை நிறுத்திவிட்டான். எங்கள் ஃபின்னிஷ் ஆண்கள் பேசாமல் இருப்பது அதிசயமில்லை. ஆனால் சனிக்கிழமை சவுனா என்கிற குளியல் அறையில் நீராவி பொங்கும்போது எவனும் ஒரு பெருமூச்சாவது விடுவான். இவன் அதைக்கூட விடவில்லை.

"திவால்னு சொன்னா தண்டர் பே ஊரே சிரிக்கும், ஐலா" என்றான்.

"சிரிக்கட்டும். சிரிக்கிறவன் வந்து நம்ம வாடகையக் கட்டுவானா? கிளம்பு!"

டிரஸ்டி டோரீன் முழங்கை நைந்த ஸ்வெட்டர் போட்டிருந்தார். கடனில் முழுகியவர்களின் விவகாரத்தைச் சட்டப்படி தீர்த்துவைக்கிற அதிகாரி இப்படி இருப்பார் என்று நான் நினைக்கவில்லை. மேசையில் ரோஸ் நிற ஐசிங் தடவிய பெர்சியன் பன்கள் ஒரு தட்டு நிறைய இருந்தன.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்" என்றார். "நான் உங்க வக்கீல் இல்ல. கடன் கொடுத்தவங்க ஆளும் இல்ல. ரெண்டு பக்கமும் நியாயமா நடந்துக்கணும், அதுதான் என் வேலை. நீங்க கையெழுத்துப் போட்டு நான் பதிவு பண்ணிட்டா, உங்களை யாரும் ஃபோன்ல விரட்டக் கூடாது. அதுக்கு எனக்கு வேண்டியது உண்மை மட்டும்தான். சரி, வண்டி ஏதாவது இருக்கா?"

"இல்ல" என்றான் ரெய்னோ. காது சிவந்தது.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இல்லையா? அப்போ இத்தனை வருஷமா என் துணிக்கொடிய மறைச்சுக்கிட்டு நின்னுச்சே, அந்த ஆரஞ்சு பூதம் யாரோடது? கிளட்ச் போச்சு, மெக்கானிக்கிட்ட விட்டிருக்கேன்னு சொன்ன!"

ரெய்னோ தரையைப் பார்த்தான். "தம்பி ஒன்னிக்கு வித்துட்டேன்."

"எவ்வளவுக்கு?" என்று கேட்டார் டோரீன்.

"ஒரு டாலர்."

டோரீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெளியே போங்கள் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "காபிக் கடைல யாரோ இந்த யோசனையச் சொன்னாங்க, அப்படித்தானே?" என்றார்.

"எல்லாத்தையும் பிடுங்கிடுவாங்கன்னு சொன்னாங்க. பனி தள்ளுற பிளேடு அந்த வண்டிலதான் இருக்கு. எங்க தெருக்காரங்க வாசலையெல்லாம் நான்தான் சுத்தம் பண்ணி நாலு காசு பாக்குறேன். அதுவும் போச்சுன்னா அப்புறம் நான் எதுக்கு?" அவன் குரல் உடைந்தது. கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்காத குரல் அது.

"ரெய்னோ, பிழைக்கிறதுக்கு வேண்டிய கருவியச் சட்டம் விட்டுவைக்கும்" என்றார் டோரீன். "அந்த ஓட்டை வண்டி உங்க பேர்ல இருந்திருந்தா உங்ககிட்டயே இருந்திருக்கும். தம்பிக்கு மாத்தினதாலதான் சிக்கல். சொத்த ஒளிச்ச மாதிரி ஆயிடும். நல்லவேளை, நீங்க இன்னும் கையெழுத்துப் போடல. வண்டிய உங்க பேருக்குத் திருப்பி மாத்திட்டு வாங்க. நடந்தத நான் மறைக்காம எழுதுவேன், ஆனா பயப்படாதீங்க. இந்த நாற்காலில உக்காந்து இப்படிச் சொன்ன முதல் ஆள் நீங்க இல்ல."

ஒன்னி வீட்டுக்குப் பஸ்ஸில் போகும் வழியெல்லாம் அவனைத் திட்டித் தீர்த்தேன். அன்று இரவு பெரிய பனி விழும் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வண்டி திரும்பி வராவிட்டால் எங்களுக்குக் குளிர்கால வருமானம் கிடையாது.

ஒன்னி ஊருக்கு வெளியே தனியாக இருக்கிறான். கதவைப் பாதிதான் திறந்தான். தாடி மழிக்கவில்லை.

"வண்டி வேணும்டா" என்றான் ரெய்னோ.

"நாளைக்கு வாயேன்."

"ஏன், இன்னிக்கு என்ன?"

ஒன்னி என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தான். எனக்குப் புரிந்துவிட்டது. "வித்துட்டியா?" என்று கத்தினேன்.

"ஐயோ, இல்ல அண்ணி! ஷெட்லதான் நிக்குது." பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்தான். "அடகு வைக்கப் போனேன். என் பேர்லதானே இருக்குன்னு போனேன். கடை வாசல்ல எஞ்சினக்கூட அணைக்காம உக்காந்திருந்தேன். உள்ள போகக் கால் வரல. திரும்பி வந்துட்டேன். உங்க மூஞ்சில முழிக்க வெக்கமா இருந்துச்சு."

"உனக்கு எதுக்குடா அடகு?"

"வசூல்காரங்க எனக்கும் ஃபோன் பண்றாங்க அண்ணி. நான் ஃபோன ஓவன் அடுப்புக்குள்ள வச்சு மூடிருவேன்."

என் கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. எங்கள் வீட்டில் மாவு டப்பா, இவன் வீட்டில் ஓவன். சனிக்கிழமை தவறாமல் சவுனாவில் ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வியர்க்கிற அண்ணனும் தம்பியும் ஒருவனிடம் ஒருவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை! இரண்டு பேரையும் அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது.

ரெய்னோ பாக்கெட்டைத் துழாவினான். தம்பி கொடுத்த அதே டாலர் நாணயத்தைச் செலவழிக்காமல் வைத்திருந்தான். அதை ஒன்னியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினான். சாவியை வாங்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போய் வண்டியை வெளியே எடுத்தான்.

"ஏறு" என்றான்.

"எங்க?"

"ஒரு அம்மாகிட்ட. பன் குடுப்பாங்க."

"திட்டுவாங்களா?"

"இல்ல" என்றான் ரெய்னோ. "அதான் தாங்க முடியல."

முன் சீட்டில் மூன்று பேரும் நெருக்கியடித்துக்கொண்டு போனோம். வழியில் வண்டியை ரெய்னோவின் பேருக்கு மாற்றினோம். டோரீன் அலுவலகத்தில் அவன் கையெழுத்துப் போட்டான். பிறகு அவர் ஒரு பெரிய கத்தரிக்கோலை நீட்டினார். கார்டுகளை நம் கையாலேயே வெட்டச் சொல்வது அவர் வழக்கமாம். ரெய்னோ ஒவ்வொன்றாக வெட்டினான். கடைசித் துண்டு மேசையில் விழுந்ததும் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டான். எத்தனை மாதமாக நான் காத்திருந்த பெருமூச்சு!

டோரீன் கதவோரம் நின்றிருந்த ஒன்னியைப் பார்த்தார். பன் தட்டை அவன் பக்கம் நகர்த்தி, ஒரு புதுப் படிவத்தை எடுத்துக்கொண்டார்.

"உக்காருங்க. சாப்பிட்டுக்கிட்டே சொல்லுங்க. வண்டி ஏதாவது இருக்கா?"

ஒன்னி அண்ணனைப் பார்த்தான். கையிலிருந்த நாணயத்தைப் பார்த்தான்.

"இருந்துச்சுங்க" என்றான். "இப்பதான் ஒரு டாலருக்கு வித்தேன்."

முதலில் சிரித்தது ரெய்னோதான். சிரிக்க ஆரம்பித்தவன் நிறுத்த முடியாமல் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். ஒன்னி அவன் தோளில் கை வைத்தான். டோரீன் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். வெளியே பனி விழ ஆரம்பித்திருந்தது.