சுட்ட நுனி

வலன்ரைனுக்கு ஒரு வியாதி இருந்தது. "ஏலாது" என்ற சொல்லைக் கேட்டால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது. தலைமன்னாரில் படகு எஞ்சின் திருத்துகிறவன் அவன். உப்புத் தண்ணீரில் ஊறிப்போய், இனி இரும்புக்கடைக்குத்தான் என்று எல்லோரும் கைகழுவிய எஞ்சினைக் கொட்டிலுக்கு இழுத்துவந்து, அதோடு மல்லுக்கட்டி, அது இருமித் துப்பி ஓடத் தொடங்கிய பிறகுதான் வீட்டுக்குப் போவான். போய்ச் சும்மா இருப்பானா? அந்தக் கதையை மனைவிக்கு இரண்டு தரமாவது சொன்னால்தான் அவனுக்கு நித்திரை வரும்.

மனைவி எடித் அதே ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறவள். ஊருக்கு அவள் எடித் ரீச்சர். அவன் எடித் ரீச்சரின்ர மனுசன். படிப்பைக் காட்டி ஒருநாளும் அவனை மட்டம் தட்டியவள் இல்லை அவள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் நடந்த கூத்துக்கு அவள் தலையில் எவரும் பழி போடக்கூடாது. குத்தல் முழுக்க இவன் நெஞ்சுக்குள்தான் இருந்தது.

எல்லாம் தொடங்கியது இராச்சாப்பாட்டு மேசையில். மன்னார்க் கோட்டையையும் போர்த்துக்கேயரையும் படிப்பித்துக்கொண்டிருந்தபோது பத்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டதாம்: ஐரோப்பாவில் அந்தக் காலத்து ஆட்கள் குறுக்குவில் வைத்திருந்தார்களே, இப்போது வீடியோ கேமில் வருகிற மாதிரிக் கப்பி பூட்டிய குறுக்குவில்லை அவர்கள் ஏன் செய்யவில்லை?

"நான் ஏலாது எண்டு சொல்லிப்போட்டன்" என்றாள் எடித், அவனுடைய சோற்றில் குழம்பை விட்டபடி.

வலன்ரைனின் கை சோற்றுக் கோப்பையில் நின்றுவிட்டது. "ஏன் ஏலாது? அவங்களிட்ட உருக்கு இருந்ததோ இல்லையோ?"

"இருந்தது. உருக்கில வில்லே செய்தவங்கள்."

"கப்பி? கப்பி இல்லாமல் கப்பல்ல பாய் ஏத்தினவங்களோ? பல்லுச்சில்லு வைச்சு மணிக்கூடு செய்தவங்கள் எண்டு நீர்தானே சொன்னனீர்!"

"எல்லாம் சரியப்பா. நாண் எங்க? கப்பியில வளைஞ்சு உரஞ்சிக்கொண்டு அவ்வளவு பாரத்தையும் அது தாங்கவேணும். இருந்தது சணலும் பருத்தியும்தான். நார் தாங்காது."

"கயிறோ!" வலன்ரைன் சிரித்துவிட்டான். "கடற்கரையில பிறந்தவனுக்குக் கயிற்றைப் பற்றி வகுப்பு எடுக்கிறீரோ? பொறும், நான் செய்து காட்டுறன். நைலோன் இல்லை, கம்பி இல்லை, வெல்டிங் இல்லை. அந்தக் காலத்தில என்ன இருந்ததோ அது மட்டும்."

"செய்து காட்டுங்கோ. என்ர பிழை எண்டு நான் வகுப்பில போய்ச் சொல்லுறன்" என்றாள் எடித். பகிடியாகத்தான் சொன்னாள். ஆனால் பகிடியாகச் சொன்னதையும் செய்துவிடுகிற பிறவி அவள்.

இலுப்பைக்கடவைப் பக்கம் துருப்பிடித்துக் கிடந்த லொறியொன்றின் ஸ்பிறிங் தகடு வில்லானது. உருக்கு அந்தக் காலத்திலும் இருந்ததுதானே. பாலை மரத்தில் இரண்டு கப்பி கடைந்தான். அச்சை நடுவில் வைக்காமல் ஓரமாக வைத்தான். அப்படி வைத்தால் இழுக்கத் தொடங்கும்போது பாரமாக இருக்கும், இழுத்து முடிகிற இடத்தில் இலேசாகிவிடும். அச்சுக்குப் பித்தளை, நாணைப் பிடித்து நிற்கிற விசைக்கு மாட்டுக்கொம்பு, இழுத்துப் பூட்ட ஒரு கைராட்டினம். உள்ளதைச் சொல்லத்தான் வேண்டும், வேலை அழகான வேலை. பார்க்கிற எவனும் ஒரு தரம் தடவிப் பார்ப்பான்.

"என்ன மெக்கானிக், இந்தியாக்காரன்ர ரோலர்ப் படகை அடிக்கவோ?" என்று கேட்டுக்கொண்டு போனான் பக்கத்து மீன்வாடிக் கிறகரி. வலன்ரைனுக்கு அந்தப் பகிடியும் இனித்தது.

வில் சரி, கப்பி சரி. நாண்தான் உயிரை வாங்கியது. சணலை முறுக்கித் தேன்மெழுகு பூசிப் போட்டான், பாதி இழுக்கமுன் அறுந்தது. தடிப்பாகத் திரித்தான், கப்பியைச் சுற்றி ஓடுகிற தவாளிப்புப் பள்ளத்துக்குள் இருக்க மாட்டேன் என்றது. தவாளிப்பை அகட்டினான், இருந்தது, ஆனால் வளைகிற இடத்தில் நார் நாராய்ப் பிய்ந்து அதுவும் அறுந்தது. பருத்தி கலந்தான், கொழுப்புப் பூசினான். அறுந்த ஒவ்வொரு தரமும் எடித்தின் குரல் காதுக்குள் கேட்டது. நார் தாங்காது, நார் தாங்காது. சை, அவள் சொன்னது ஒருக்கால்தான். ஓராயிரம் தரம் திருப்பிச் சொன்னது இவன் மண்டைதான்.

ஒரு பின்னேரம் கொட்டில் சுவரில் தொங்கிய நூற்கட்டையைப் பார்த்தான். பெரிய மீனுக்குப் போடுகிற நைலோன் பின்னல் நூல். கை தானாகப் போனது என்று பிறகு தனக்குத்தானே சொல்லிப் பார்த்ததுண்டு. பொய். கதவைச் சாத்திவிட்டுத்தான் எடுத்தான். நைலோனை உள்ளே வைத்து, அதன்மேல் சணலை நெருக்கமாகச் சுற்றி, மெழுகைப் பூசித் தேய்த்தான். பார்வைக்கு அசல் சணல் நாண். சுண்டிப் பார்த்தான், வீணைத் தந்தி மாதிரிப் பேசியது.

வீட்டின் பின்கோடியில் வைத்து எய்தான். அம்பு பலகையைத் துளைத்துக்கொண்டு போய் அதற்குப் பின்னால் நின்ற பனையில் தைத்து நின்றது. எடித் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சின்னப் பிள்ளை மாதிரி ஓடிப்போய் அம்பைத் தொட்டுப் பார்த்தாள். "ஐயோ, என்ர மனுசன்! நான் பிள்ளையளுக்குப் பிழையாச் சொல்லிப்போட்டன் அப்பா!"

சொல்வதற்கு அதுதான் நேரம். வாயையும் திறந்தான். ஆனால் அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், அத்தனை வருசக் குடும்ப வாழ்க்கையில் அப்படி ஒரு பார்வையை அவன் கண்டதில்லை. எஞ்சின் கதைகளுக்கெல்லாம் அவள் தலையாட்டியது அன்பில். இது மதிப்பு. அந்தப் பார்வையைத் தட்டிவிட அவனுக்கு மனம் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று தேத்தண்ணீரைக் குடித்தான்.

நாளைக்கு அவள் முந்திக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் வரலாற்றுக் கண்காட்சி வருகிறது, யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பொறியியல் விரிவுரையாளர் வருகிறார், வில்லைத்தான் நடுவில் வைக்கப்போகிறோம் என்றாள்.

"அது வேண்டாமே, எடித். சும்மா வீட்டுப் பகிடி" என்றான் வலன்ரைன், நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

"உங்களுக்கு எப்பவும் தன்னடக்கம்" என்றாள் அவள். தன்னடக்கமாம், வலன்ரைனுக்காம்! வேறு நாளென்றால் கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

கண்காட்சியன்று மைதானத்தில் தாய் தகப்பன்மார் நிறைந்துவிட்டார்கள். பாதிப்பேர் கடலுக்குப் போகிறவர்கள். ஒரு வெள்ளைப் பலகையில் எடித் கேள்வியை எழுதியிருந்தாள்: அந்தக் காலத்துக் கைவினைஞர்கள் இப்படிக் கப்பி பூட்டிய குறுக்குவில்லைச் செய்திருக்க முடியுமா? அதன் கீழே "முடியாது" என்று எழுதி, அதைக் கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் "முடியும்" என்று எழுதியிருந்தாள். வெட்டியதை அழிக்கவில்லை. அதை வேண்டுமென்றே விட்டிருந்தாள்.

"வகுப்பில நான் பிழையான விடை சொன்னனான்" என்றாள் எல்லோருக்கும் கேட்க. "சணல் தாங்காது எண்டு சொன்னனான். என்ர மனுசன் செய்து காட்டினவர். ரீச்சர்மாருக்கும் பிழைக்கும், பிள்ளையள். பிழைச்சால் ஒத்துக்கொள்ள வேணும்."

வலன்ரைன் எய்தான். பலகை பிளந்தது. கைதட்டு மைதானத்தைத் தூக்கியது. அவன் மட்டும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

விரிவுரையாளர் எழும்பி வந்தார். "ரீச்சர், சணல் நாண் இவ்வளவு தாங்கும் எண்டு நான் நினைக்கவே இல்லை. நீங்கள் இதை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்து எங்கட மாணவருக்குப் பேசவேணும்" என்றார். எடித்தின் முகம் மலர்ந்தது. "இன்னொருக்கால் அடிச்சுக் காட்டுவீங்களோ?" என்று அவர் வலன்ரைனைக் கேட்டார்.

முதல் அடியில் நாணின் முடிச்சு இளகியிருந்தது. வலன்ரைன் அதை அவிழ்த்து, இறுக்கி, புதிதாக முடிந்தான். முடிந்தபின் ஒரு வால் நீட்டிக்கொண்டிருந்தது. கத்தியால் அறுத்தான். இடது கை காற்சட்டைப் பைக்குள் போனது, லைற்றரை எடுத்தது, தட்டியது, நுனியைச் சுட்டது. பெருவிரலை நாக்கில் தொட்டு, சூட்டோடு சூடாய் நுனியை நசுக்கி உருட்டியது. எல்லாம் ஒரு மூச்சுக்குள். மனம் அந்தப் பக்கமே வரவில்லை. தலைமன்னாரில் கயிறு அறுக்கிற எந்தக் கையும் அப்படித்தான், அறுத்தால் சுடும்.

முன்வரிசை மூக்கை உறிஞ்சிப் பார்த்தது. எரிந்த நைலோன் மணம் அங்கிருந்த எல்லா மூக்குக்கும் தெரிந்த மணம்.

"அடேய் மெக்கானிக்" என்றது கிறகரியின் குரல், "சணலை ஆரடா சுடுறது?"

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும். "என்ன பகிடி? எனக்கு விளங்கேல்லை" என்று விரிவுரையாளர் அங்கும் இங்கும் பார்த்தார். பக்கத்தில் நின்ற மனிசி ஒருத்தி அவருக்கு விளங்கப்படுத்தினாள்: "சேர், நைலோனைத்தான் சுடுறது. அது உருகி ஒட்டும், பிரியாது. சணலைச் சுட்டால் பத்திச் சாம்பலாப் போகும்." நாணின் நுனியில் கறுப்பாக ஒரு மணி திரண்டு நின்றது. தலைமன்னாரிலிருந்து இந்தியாவுக்குக் கப்பல் ஓடாமல் விட்டு எத்தனையோ வருசம். வலன்ரைனின் மானம் மட்டும் அன்றைக்குக் கப்பலேறியது.

எடித் வந்தாள். அந்த நுனியைப் பிடித்து நகத்தால் அழுத்திப் பார்த்தாள். சணலைச் சற்று விலக்கினாள், உள்ளே வெள்ளை நூல் தெரிந்தது. கழுத்திலிருந்து காதுவரை சிவந்துபோனாள். பிழை செய்தவன் இவன், வெட்கம் ஏறியது அவள் முகத்தில். அதைப் பார்க்க முடியாமல் வலன்ரைன் தன் செருப்பைப் பார்த்தான். நிலம் பிளந்து தன்னை விழுங்காதா என்று இருந்தது.

"சணல் நாண் வைச்சிருக்கிறீங்களோ?" என்று மெல்லக் கேட்டாள்.

"பெட்டிக்குள்ள கிடக்கு."

"அதைப் போடுங்கோ."

"அறுந்திடும், எடித்."

"தெரியும். போடுங்கோ."

அவள் சனத்தின் பக்கம் திரும்பினாள். "எல்லாரும் மன்னிக்கவேணும். நாங்கள் காட்டினது பிழை. இப்ப சரியான நாணைப் போட்டுக் காட்டுறம்."

நாங்களாம். என்ர மனுசன் ஏமாற்றிப்போட்டார் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஊர் அவளுக்கு இரங்கியிருக்கும். அவள் நாங்கள் என்றாள். ஊர் சிரித்த சிரிப்பெல்லாம் சேர்ந்தும் அவனை அப்படிச் சுடவில்லை, அந்த ஒரு சொல் சுட்டது.

வலன்ரைன் சணல் நாணைப் பூட்டினான். கைராட்டினத்தைச் சுற்றத் தொடங்கினான். அறுந்துவிடும் என்று தெரிந்துகொண்டு சுற்றுவது எவ்வளவு கொடுமை! ஒரு சுற்று, இன்னொரு சுற்று, நார்கள் கப்பியில் பிய்ந்து மயிர் மயிராய் எழும்பின. டப்பென்று அறுந்து அவன் மணிக்கட்டில் சாட்டையாய் அடித்தது. இந்த முறை எவரும் சிரிக்கவில்லை.

எடித் பலகையில் "முடியும்" என்பதையும் வெட்டினாள். கீழே எழுதினாள்: முடியாது. வில் இருந்தது, கப்பி இருந்தது, நாண் இருக்கவில்லை. "பிள்ளையள், இதுதான் விடை" என்றாள். மார்க்கரை மூடி வைத்தாள். விரிவுரையாளர் நல்ல மனுசன், கைதட்டினார். ஆனால் யாழ்ப்பாணக் கதையை அவர் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு வாகனத்தில் ஏறிவிட்டார்.

எல்லோரும் போனபிறகு இருவரும் வில்லை மோட்டார் சைக்கிளின் பின்னால் வைத்துக் கட்டினார்கள். "எடித்" என்று இரண்டு தரம் தொடங்கினான். எதைச் சொன்னாலும் அது இன்னுமொரு சணல் சுற்றலாகத்தான் இருக்கும் என்று பட்டது. மணிக்கட்டு தடித்துச் சிவந்திருந்தது. அவள் அதைக் கண்டாள், கேட்கவில்லை.

கட்டி முடித்ததும் கயிற்றின் மிச்சத்தை அறுத்தான். கை லைற்றரைத் தேடிப் பாதிவழி பைக்குப் போனது. சுட்டதுபோல வெறுங்கையாக வெளியே இழுத்துக்கொண்டான். அறுத்த நுனி காற்றில் பிரியத் தொடங்கியது.

எடித் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சுடுங்கோவன்" என்றாள். "இது நைலோன் எண்டு எல்லாருக்கும் தெரியும்."