கூட்டிச் சொன்ன நொடிகள்

ஓட்டப் பயிற்சி கொடுக்கிற நெடுமாறன் சாருக்குப் பொய் சொல்லவே வராது, கையில் ஸ்டாப்வாட்ச் இல்லாத வரைக்கும். அது கைக்கு வந்துவிட்டால் மனிதர் கூசாமல் சொல்வார். ஓடி முடித்து மூச்சு வாங்க நிற்பவர்களிடம், ஆன நேரத்தோடு சில நொடிகள் கூட்டித்தான் சொல்வார். உள்ளதைச் சொன்னால் தலைக்கனம் ஏறிவிடுமாம். அவரிடம் ஓடுகிறவர்கள் கையில் வாட்ச் கட்டக்கூடாது என்ற விதியும் அதற்காகத்தான். இது அவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

செஞ்சிக் கோட்டை அடிவாரத்து மைதானத்தில் பள்ளிக்கூட நாளிலிருந்து அவரிடம் ஓடியவள் தொண்டூர் அமலா. எண்ணூறு மீட்டர் ஓட்டக்காரி. ரயில்வே வேலையே அந்தக் கால்களால் வந்ததுதான். போன வருடம் கணுக்கால் பிசகி, பல மாதம் படுத்து எழுந்து மறுபடி ஓட வந்தாள். சார் வழக்கம்போலக் கூட்டிச் சொன்னார். இனி நம்மால் ஆகாது என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள். வெளிநாட்டுப் போட்டிக்கான தேர்வுக்கு வரவில்லை என்று, யாரிடமும் கேட்காமல் தடகளச் சங்கத்துக்கு அவளே சொல்லிவிட்டாள். சாருக்குத் தெரிந்தபோது தேதி போய்விட்டிருந்தது. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். பாவி மனிதர், பயந்துவிட்டார்.

அவளோடு கூட ஓடுகிற பையன் குரு ஒரு நாள் வாட்சைக் கால்சட்டைப் பையில் ஒளித்துவைத்து ஓடியதில்தான் குட்டு உடைந்தது. அமலா சத்தம் போடவில்லை. தானும் குருவும் பெங்களூரில் ஒரு பயிற்சி முகாமில் சேரப்போவதாக மட்டும் வந்து சொன்னாள். சாரிடம் மிச்சமிருந்ததே அவர்கள் இரண்டு பேர்தான்.

கிளம்புகிற நாள் காலையில், கடைசியாக ஒரு தடவை ஓடச்சொல்லிக் கேட்டார். மாட்டேன் என்று சொல்லத்தான் அமலா வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினாள். அத்தனை ஆத்திரத்தையும் காலில் இறக்கி ஓடினாள். முடித்ததும் சார் நேரத்தைச் சொன்னார். அவள் பிறந்ததிலிருந்து ஓடாத வேகம் அது.

"நெசமாத்தான் சொல்றேன் அமலா. வாட்ச நீயே பாரு."

அவள் பார்த்தாள். அதே நேரம்தான் இருந்தது.

"நான் ஓடி முடிக்கிறதுக்கு முன்னாடியே அமுக்கிட்டீங்களா சார்? போறவள சந்தோசமா அனுப்பணும்னு?"

என்ன சொன்னாலும் எடுபடாது என்று அவருக்கே தெரியும். வாட்சைப் பையில் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது, கிளம்புங்கள் என்றார்.

திருவண்ணாமலை பஸ் கோட்டையை ஒட்டித்தான் போகும். சார் இன்னும் மைதானத்திலேயே நிற்பது தெரிந்ததும் அமலா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். குரு மட்டும் கை காட்டினான்.

ஊர் எல்லை தாண்டியதும் அவன் தன் வாட்சை அவள் மடியில் வைத்தான். காலையில் அவள் ஓடும்போது மைதானத்து ஓரம் நின்று அவனும் நேரம் எடுத்திருக்கிறான். சார் கடைசி நாளிலும் பொய் சொன்னால் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று எடுத்தானாம்.

"சார் சொன்ன டைம்தான்க்கா. கூட்டவும் இல்ல, கொறைக்கவும் இல்ல."

அமலா சாருக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டாள். பயிற்சி நேரத்தில் சார் போனை எடுக்க மாட்டார், அதுவும் அவருடைய விதிதான் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள். அங்கே ஓடுவதற்கு இனி யார் இருக்கிறார்கள் என்பது அப்புறம்தான் உறைத்தது. போனைப் பிடித்தபடியே அவள் வாய்விட்டு அழுதாள்.