முப்பத்தாறு படிகள்

கீழ்வீட்டு வங்காளிச் சித்தி கீதாஞ்சலி காக்கிமா அந்தப் புத்தகத்தோடு படியேறி வந்தபோது நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அட்டையைப் பார்த்ததும் விரலையும் சேர்த்து நறுக்கிக்கொண்டேன். தாங்களே பாட்டெழுதி, தாங்களே மெட்டுப்போட்டு, எந்தக் கம்பெனி தயவும் இல்லாமல் கொல்கத்தாவில் பாடித் திரிகிற ஒன்பது பேர் எழுதிய கவிதைகளும் சொந்தக் கட்டுரைகளும் அதில் இருந்தன. ஒன்பதில் ஒருத்தி நான். அதில் எழுதியது வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்றுதானே வங்காளத்தில் எழுதினேன்!

அப்பாவுக்கு வங்காள எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. பவானிபூருக்கு வந்து முப்பத்திரண்டு வருஷமாகியும் பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுத்தான் பஸ் ஏறுவார். அந்தத் தைரியத்தில் எழுதிவிட்டேன்.

காக்கிமா அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். புத்தகத்தைக் கரியாஹாட் கடைவீதியில் வாங்கினாளாம், இன்னும் பிரிக்கவே இல்லையாம். "உங்களுக்குத்தான் படிக்க வராதே, வெங்கட்-தா. உங்க பொண்ணு எழுதினதை நானே வாசிக்கிறேன்" என்று வங்காளத்தில் சொன்னாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு எழுத்துதானே தெரியாது? துறைமுகத்தில் முப்பது வருஷம் அதே பாஷையில் கத்தி வேலை வாங்கிய மனிதருக்குக் காதுமா இல்லை? அடிப் பாவி ஜலஜா, இதைக்கூட யோசிக்காமல் கட்டுரை எழுதக் கிளம்பிவிட்டாயே!

"அப்புறம் வாசிக்கலாம், காக்கிமா" என்று தடுத்தேன். நான் வெட்கப்படுவதாக நினைத்து என் கன்னத்தைத் தட்டிவிட்டு ஆரம்பித்தாள்.

எனக்குத் தாளம் சொல்லிக்கொடுத்தது எந்த வாத்தியாரும் இல்லை, அப்பாவின் செருப்பு என்று தொடங்கியிருந்தேன். எங்கள் வீட்டுக்கு முப்பத்தாறு படிகள். இரண்டிரண்டாகத் தாவி ஏறினால் கையில் இனிப்பு இருக்கும். ஒவ்வொன்றாக இழுத்து இழுத்து ஏறினால் பெல்ட். இருபதாவது படிக்குள் நான் கண்டுபிடித்தாக வேண்டும். அம்மா என்னைக் குளியலறைக்குள் தள்ளித் தாழிட மீதிப் பதினாறு படிகள்தான் அவகாசம்.

பெல்ட் என்ற இடத்தில் காக்கிமாவின் குரல் தேய்ந்தது. கண்ணாடிக்கு மேலாக அப்பாவைப் பார்த்தாள்.

"பொருன்" என்றார் அப்பா. படியுங்கள் என்று.

கடைசி வரி வரைக்கும் படித்தாள். டீயைத் தொடாமலே எழுந்து போய்விட்டாள்.

அப்பா என்னை அடித்துப் பதினைந்து வருஷமாகிறது. எனக்கு இருபத்தொன்பது வயது. முந்நூறு பேருக்கு முன்னால் மேடையில் நின்று பாடுகிறவள். இருந்தும் என் கண் தானாகக் குளியலறைத் தாழ்ப்பாளைத் தேடியதே, அதை என்ன சொல்ல? அவர் என்னைப் பார்க்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். ஒவ்வொரு படியாக இழுத்து இழுத்து இறங்குவது கேட்டது.

"எழுதறதுக்கு ஒனக்கு வேற ஒண்ணுமே கெடைக்கலையாடி?" என்றாள் அம்மா.

"பொய்யாம்மா எழுதியிருக்கேன்?"

"நெஜம்னா? ஊரே வாசிக்கணுமா?"

திட்டிக்கொண்டே என் கிட்டாரைத் தூக்கிப்போய் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்தாள். மேலே ஒரு கோணியையும் போட்டு மூடினாள். அதைப் பார்த்ததும் என் பயம் இரண்டு மடங்காகிவிட்டது.

கதவில் காதை வைத்து நின்றேன். மீன்காரன் கூவிக்கொண்டு போனான். எதிர்வீட்டில் குக்கர் நான்கு விசில் அடித்து ஓய்ந்தது. ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், கீழே இரும்புக் கேட் கிறீச்சிட்டது. பின்னாலேயே அப்பாவின் இருமல்.

எண்ணுவதற்குத் தயாரானேன். ஆனால் எண்ணுவதற்கு எதுவும் வரவில்லை. ஒரு படிகூடக் கேட்கவில்லை.

அம்மா குளியலறைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். "எப்படி வரார்டி?" என்று கிசுகிசுத்தாள்.

"தெரியலைம்மா."

நினைவு தெரிந்த நாளிலிருந்து இன்றைக்குத்தான் எனக்குத் தெரியவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு வாங்கினார்கள். தாழ்ப்பாளை நீக்கினேன். அப்பா கடைசிப் படியில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். செருப்பு இரண்டும் அவர் கையில் இருந்தன.