செவ்வாழை மட்டும்

மடிக்கணினித் திரையில் அப்பாவின் குரல் நீல நிறத்தில் நீளவாக்கில் படுத்திருந்தது. 'பூவன்' என்று அவர் இழுத்துக் கூவிய இடம், நடுவில் பருத்து வாலில் ஒடுங்கிய மீன் மாதிரி. 'கற்பூரவள்ளி' அடுத்தடுத்து நட்ட கன்றுகள் மாதிரி. இரண்டுக்கும் நடுவிலிருந்த மெல்லிய கோட்டில் யாழினி சுட்டியை நிறுத்தினாள். அந்த இடத்தைப் பிளந்து 'செவ்வாழை' என்ற ஒரு சொல்லை வைக்க வேண்டும்.

அவள் அப்பா தர்மராஜ், ஜீயபுரத்துத் தோட்டங்களில் வாழைத்தார் வாங்கி நாலு சக்கர லோடு ஆட்டோவில் ஏற்றி ஸ்ரீரங்கம் வீதிகளில் விற்பவர். நன்றாயிருந்த காலத்தில் வாய்க்கால் கரையில் நின்று செல்போனில் கூவிப் பதிந்த குரல்தான் இன்னும் வண்டி ஸ்பீக்கரில் ஓடுகிறது. போன வருடம் தொண்டையில் கட்டி வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். யாழினியின் பிளஸ் ஒன் படிப்பும் அப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுபோனது. அப்பாவுக்குக் காது நன்றாகவே கேட்கும்; ஆனாலும் வீதியில் சிலர் அவரிடம் கையால் ஜாடை காட்டினார்கள். அவரும் சிரித்தபடி பதில் ஜாடை காட்டுவார்.

சென்ற மாதக் காற்றில் பூவன் தோட்டங்கள் பாதி சாய்ந்துவிட்டன. கிடைத்தது செவ்வாழைதான். ஸ்பீக்கருக்கு அது தெரியாதே. தார்ப்பாய்க்குள் தொங்கிய செவ்வாழை சொல்வாரில்லாமல் வெடித்துக் கறுத்தது. "செவ்வாழை வச்சிண்டிருக்கேள்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதா? இப்பதான் கடைல வாங்கிண்டு வரேன்" என்று ஒரு மாமி கோபித்துக்கொண்டாள். மிஞ்சியது வீட்டுக்குத் திரும்பி வந்தது. இப்படியே போனால் வண்டியை விற்றுவிட வேண்டியதுதான் என்று அம்மா அமிர்தம் சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

சித்தி மகள் பானுப்ரியாதான் தன் பழைய மடிக்கணினியைக் கொடுத்து, காசு கேட்காத மென்பொருள் ஒன்றை இறக்கியும் தந்தாள். "ரொம்ப ஈஸிடி. வெட்டணும், ஒட்டணும். தப்பாப் போச்சுன்னா பின்னாடி வா. அவ்வளவுதான்."

செவ்வாழை என்று அப்பா சொன்ன குரல் கிடைக்காதா? யாழினிக்கு ஒரு யோசனை வந்தது. காந்தி மார்க்கெட் தரகர் நல்லதம்பிக்கு அப்பா முன்பெல்லாம் வாட்ஸப்பில் பேசித்தான் அனுப்புவார். அவரிடம் கேட்டதும் அப்பாவின் பழைய பதிவொன்றைத் தேடி அனுப்பினார். "அண்ணே, செவ்வாழை நாலு தார் நிறுத்தி வைங்க." அந்த ஒரு சொல்லை மட்டும் வெட்டியெடுத்து நடுவில் வைத்து, அப்பாவையும் அம்மாவையும் கூப்பிட்டு ஓடவிட்டாள்.

பூவன் பூவாக வந்தது. அடுத்து வந்தது வேறொரு மனிதரின் குரல். ஆபரேஷனுக்கு முந்தைய வாரங்களில், எச்சில் விழுங்கவே வலித்தபோது பேசியது அது. அதன் பின்னாலேயே கற்பூரவள்ளி ஒன்றும் நடக்காதது போலக் கணீரென்று வந்தது. அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

யாழினி விடவில்லை. சத்தத்தைக் கூட்டினாள்; கரகரப்பும் கூடியது. இரைச்சலை எடுக்கும் வசதியைத் திறந்தாள். எது இரைச்சல் என்று ஒரு துண்டைக் காட்டச் சொன்னது. சொல்லுக்கு முன்னாலிருந்த உஸ்ஸென்ற துண்டைக் காற்றாடிச் சத்தம் என்று நினைத்துக் காட்டினாள். அது அப்பாவின் மூச்சிரைப்பு. மென்பொருள் சொன்னதைச் செய்தது. அந்த மூச்சைத் துடைத்தபோது குரலையும் சேர்த்தே துடைத்துவிட்டது. குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவது மாதிரி ஏதோ மிஞ்சியது.

அப்பா கையை நீட்டி அந்தத் துண்டைத் தானே அழித்தார். பிறகு செல்போனில் தட்டிக் காட்டினார்: 'நீ சொல்லு. ஒரு வார்த்தைதானே.'

"என்னால முடியாதுப்பா." பஸ்ஸில் 'இறங்கணும்' என்று கண்டக்டரிடம் சொல்ல வாய் வராமல் அடுத்த நிறுத்தம் வரை போய் நடந்து திரும்புகிறவள் அவள். "அம்மா பேசட்டுமே."

"நான் பேசினா ஒரு கதவும் திறக்காதுடி," அடுப்படியிலிருந்து அம்மா சொன்னாள். "சண்டைக்கு வந்திருக்கான்னு திறந்த கதவையும் சாத்திக்குவாங்க."

அப்பாவின் தோள்கள் குலுங்கின. இப்போதெல்லாம் அவர் சிரிப்பது அப்படித்தான். அந்தத் தோள்களைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், செல்போனை எடுத்துக்கொண்டு வாசலில் நின்ற வண்டிக்குள் ஏறிக் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டாள். வெகுநேரம் கழித்து வியர்த்து வழிய இறங்கினாள்.

மறுநாள் காலை அப்பா பக்கத்து இருக்கையைத் தட்டிக் காட்டினார். அவளும் ஏறிக்கொண்டாள். கீழச் சித்திரை வீதியில் வண்டி மெல்ல ஊர்ந்தது. ஸ்பீக்கரில் அப்பா பூவன் என்றார். யாழினி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் குரல் வந்தது. அவளுக்கே எட்டாத அளவுக்குச் சின்னதாக. ஒட்டுகிற அவசரத்தில் சத்தத்தைச் சமன்செய்ய மறந்திருந்தாள். அது எந்தப் பொத்தான் என்று அவளுக்குத் தெரியும். வீட்டுக்குப் போனதும் ஒரு நிமிட வேலை.

"அப்பா, சாயங்காலம் சரிபண்ணிடறேன்."

அவர் வீதியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அடுத்த சுற்றில், பூவன் முடிகிற இடத்தில், அவருடைய இடக்கை ஸ்டீயரிங்கை விட்டுக் கீழே போய் ஸ்பீக்கரின் சத்தம் கூட்டும் குமிழை முழுக்கத் திருகியது. செவ்வாழை என்று வீதி நிறையக் கேட்டது. கோலத்தில் குனிந்திருந்த ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். கை மறுபடி சத்தத்தைக் குறைத்து, தன் கற்பூரவள்ளியைத் தணிந்த குரலில் போகவிட்டு, அடுத்த சுற்றுக்காக அங்கேயே காத்திருந்தது.