மெங் ஒளித்துவைத்த பன்னிரண்டு சொற்கள்

சலுத்தின் வீட்டின் மேல் மட்டும் மூன்று வருடமும் இரண்டு மாதமும் மழை பெய்தது. பக்கத்து வீட்டில் நெல் காய்ந்தது, எதிர்வீட்டில் சேவல் புழுதியில் குளித்தது, சலுத்தின் தகரக் கூரையில் மட்டும் விடாமல் தூறியது. எங்கள் ஊர் பலேத்தேயில் யாரும் இதற்காகப் பாதிரியாரைக் கூப்பிடவில்லை. எர்மோகெனஸ் தும்லாவ் தன் பிட்காயின் வாலட்டின் சாவிச் சொற்களில் ஒன்றைச் சலுத்திடம் கொடுத்துவைத்திருக்கிறான், அந்தச் சொல் மழை என்பதாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் தாங்களாகவே புரிந்துகொண்டார்கள். மழை தொடங்கிய வருடம் அரிசி கிலோ முப்பத்தெட்டு பெசோ, கிணற்றுத் தண்ணீர் கேன் இருபது, சலுத்தின் மழைத்தண்ணீர் கேன் எட்டு.

எர்மோகெனஸை ஊரில் மெங் என்றுதான் கூப்பிடுவார்கள். ட்ரைசைக்கிள் ஓட்டுகிறவன். நோய்க்காலத்தில் சவாரி நின்றுபோனபோது பாதி ஊரைப் போல அவனும் கைபேசியில் குட்டிப் பிராணிகளைச் சண்டைக்கு விட்டுச் சம்பாதித்தான். மற்றவர்கள் வந்ததை அதே ஆட்டத்தில் திரும்பப் போட்டுக் கழுதை தேய்ந்து கட்டெறும்பானார்கள். இவன் மட்டும் வந்ததை வந்தவுடன் பிட்காயினாக மாற்றி வைத்தான். கெட்டிக்காரத்தனம் ஒன்றுமில்லை, அவன் மனைவி நிதா சொன்னாள், செய்தான். நிதா ஹாங்காங்கில் ஒரு வீட்டில் வேலைக்குச் சேர ஒப்பந்தம் போட்டிருந்தாள். "ரொட்டி சுடுற அடுப்பும், மாவு பிசையற மெஷினும் வாங்குற அளவு அதுல சேரட்டும். அன்னிக்குத் திரும்பி வந்துடறேன், அப்புறம் எந்த ஏர்போர்ட்டுப் பக்கமும் தலைவச்சுப் படுக்க மாட்டேன்" என்று சொல்லியிருந்தாள். மெங்குக்கு வாழ்க்கையில் வேறு குறிக்கோள் எதுவும் இல்லை, அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

பிட்காயினை வைக்கும் கைபேசி வாலட்டைத் திறந்த அன்று அது பன்னிரண்டு சாதாரணச் சொற்களைக் காட்டியது. கைபேசி தொலைந்தாலும் இந்தச் சொற்கள் இருந்தால் பணம் திரும்பும், சொற்கள் தொலைந்தாலோ ஓர் எழுத்து மாறினாலோ ஆண்டவராலும் முடியாது, போட்டோ எடுக்காதே, போனில் சொல்லாதே, யாருக்கும் அனுப்பாதே என்று எச்சரித்தது. எங்கே வைப்பது? ஊரின் அனுபவம் மோசமாக இருந்தது. ஒருவன் காகிதத்தில் எழுதிக் குழந்தை இயேசு சிலையின் அங்கிக்குள் செருகினான். மெழுகுவர்த்தி சாய்ந்து அங்கியோடு எரிந்தது. இன்னொருவன் பைபிளுக்குள் வைத்தான். கரையான் ஆதியாகமத்தில் ஆரம்பித்து அந்தப் பக்கம் வரை பக்தியோடு வாசித்து முடித்தது. மூன்றாமவன் யாருக்கும் தோன்றாத இடம் என்று தன் சண்டைச் சேவலின் தொடையில், இறகுக்கு அடியில் பச்சை குத்தினான். ஞாயிற்றுக்கிழமை சேவல் தோற்றது. தோற்ற சேவல் ஜெயித்தவனுக்குச் சொந்தம் என்பதால் பன்னிரண்டு சொல்லும் வினிகரும் பூண்டும் சேர்த்து அவன் வீட்டில் வெந்தன.

மெங் யோசித்துக்கொண்டிருந்தபோது மகள் ஜெஸ்ரிலின் ஞானஸ்நானம் வந்தது. எங்கள் ஊரில் ஒரு பிள்ளைக்கு ஒரு ஞானத்தந்தை, ஒரு ஞானத்தாய் என்று நிறுத்துகிறவர்கள் உறவு இல்லாதவர்கள் அல்லது கஞ்சர்கள். ஜெஸ்ரிலுக்குப் பன்னிரண்டு பேர். ஞானப்பெற்றோர் ஆனவர் ஏமாற்றினால் தெருவில் முகம் காட்ட முடியாது. அதைவிட உறுதியான பூட்டு பக்கத்து நகரமான கபனத்துவானின் கடைத்தெருவில்கூடக் கிடைக்காது என்று மெங் கணக்குப் போட்டான். விருந்தில் ஒவ்வொருவர் காதிலும் ஒரு சொல்லைச் சொன்னான். வரிசை மறந்துவிடக் கூடாதே என்று கோவில் பதிவேட்டில் பெயர்கள் இருந்த வரிசையிலேயே சொன்னான். ஒரு காதுக்கு ஒரு மடக்கு ஜின் என்று ஊற்றிக்கொண்டும் போனதால் எட்டாவது காதுக்கு மேல் அவனுக்கு எதுவும் நினைவில்லை. அதனால் என்ன, பதிவேடு இருக்கிறதே. அடுத்த மாதம் நிதா விமானம் ஏறினாள்.

சொற்கள் வேலை செய்யத் தொடங்க ஒரு வாரம் ஆனது. சலுத்துக்கு மழை. பன்றி வியாபாரி கார்டிங், தொண்ணூற்றேழு கிலோ, தரையிலிருந்து ஒரு முழம் மேலே மிதக்க ஆரம்பித்தார், செருப்புச் செலவு மிச்சம். வார்டு உறுப்பினர் அன்செல்மோவிடம் கொடுத்த சொல் வெங்காயம். அவர் பக்கத்தில் போகிற யாருக்கும் கண்ணில் நீர் கொட்டியது. முதல் வருடம் ஊர் அவரைத் தள்ளிவைத்தது. அடுத்த டிசம்பரில் வெங்காயம் கிலோ எழுநூறு பெசோவுக்குப் போனபோது சாப்பாட்டுக் கடைக்காரர்கள் அவரைக் கெஞ்சி அழைத்து வாணலி பக்கத்தில் உட்காரவைத்து, மணிக்கு இவ்வளவு என்று கொடுத்தார்கள். அவர் பேசிய துக்க வீட்டு உரைகளும் அந்த நாட்களில் நன்றாக எடுபட்டன. மற்றவர்களுக்கும் ஏதேதோ நடந்தது. ஒருவரின் ஆடு இரண்டிரண்டாக ஈனுவதை விட்டு எட்டெட்டாக ஈன்றது. அதையெல்லாம் எழுதினால் தாள் போதாது.

மெங்கின் வீட்டுச் சமையலறையில் மட்டும் புதுமை எதுவும் இல்லை. அடுப்புக்குப் பின்னால் இருந்த பலகைச் சுவரிலிருந்து நிதாவின் குரல் கேட்கும், அவ்வளவுதான். "சரிங்க மேடம்" என்னும், "மீன் ஆவியில வெந்துருச்சுங்க மேடம்" என்னும், சில சமயம் யாருக்கோ தாலாட்டுப் பாடும். மனைவி வெளிநாட்டில் இருக்கிற எல்லா வீட்டிலும் இப்படித்தான் கேட்கும் என்று மெங் நினைத்தான். கேட்கிறதா என்று அடுத்த வீட்டில் விசாரிக்க அவனுக்குக் கூச்சம். ஜெஸ்ரில் அந்தச் சுவரோடுதான் வளர்ந்தாள். "அம்மா, இன்னொரு மிட்டாய் எடுத்துக்கட்டா?" என்று கேட்பாள். "சரிங்க மேடம்" என்று சுவர் சொல்லும். "சாப்பிடாம வெளையாடப் போகட்டா?" "சரிங்க மேடம்." அதனால் பலேத்தேயில் எதற்கும் மறுப்பே கேட்காமல் வளர்ந்த ஒரே குழந்தை அவள்தான், அதற்கான சொத்தைப் பற்களும் அவளுக்கு இருந்தன.

மூன்று வருடம் முடிந்து வந்த டிசம்பரில் பிட்காயின் விலை மளமளவென்று ஏறியது. அடுப்பு, மெஷின், ஒரு வருட மாவு, எல்லாம் அடங்கும் தொகை. அந்த வாரமே மெங் சலுத் வீட்டில் அரிசி மூட்டை இறக்கப்போய், சட்டைப் பையில் இருந்த கைபேசியை அவள் மழையில் நனையவிட்டான். கபனத்துவானில் பழுது பார்க்கிறவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது செத்துப்போச்சு, பொதைச்சுடுங்க. அந்தப் பன்னெண்டு சொல் வச்சிருக்கீங்கல்ல? வேற போன்ல போட்டா எல்லாம் வந்துடும்" என்றான். "பத்திரமா இருக்கு, பன்னெண்டு பேர்கிட்ட" என்றான் மெங் பெருமையாக. பழுது பார்க்கிறவன் சிரித்த சிரிப்பு அப்போது அவனுக்கு விளங்கவில்லை.

தப்பு எங்கே நடந்தது என்றால், அவன் ஜெஸ்ரிலுக்குப் புதுச் சட்டை மாட்டிக் கையோடு கூட்டிக்கொண்டு போனான். பிள்ளையைப் பார்த்தால் மனம் இளகும் என்று நினைத்தான். கிறிஸ்துமஸ் மாதத்தில் புதுச் சட்டையோடு ஒரு ஞானப்பிள்ளை தெருவில் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பெரியவரின் கையை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொள்ளும், பரிசுப் பணம் எடுத்து வைக்க வேண்டும். மூன்று வருடமாக யாரும் வைத்ததில்லை. எனவே ஊர் காலியானது. சலுத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி மூடியைப் போட்டுக்கொண்டாள். கார்டிங் மாமரம்வரை மிதந்துபோய் இலைக்குள் மறைந்தார். அன்செல்மோவின் மனைவி கதவை ஒருக்களித்துத் திறந்து, தாரை தாரையாகக் கண்ணீர் வழிய, "அவரு மணிலா போயிட்டாருப்பா" என்றாள். கதவுக்குப் பின்னால் அன்செல்மோ நின்றதால் மெங்குக்கும் கண் எரிந்தது. ஒன்பது நாள் இப்படியே நடந்தது. விலை இறங்கிவிட்டால் நிதா இன்னொரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவாள், இன்னும் சில வருடம் போய்விடும். அந்த ஒன்பது நாளில் மெங் நான்கு கிலோ இளைத்தான்.

கிறிஸ்துமஸுக்கு முன் ஒன்பது நாள் நடக்கும் விடியற்காலைப் பூசையில் கடைசியும் முடிந்து எல்லோரும் அரிசி அப்பம் வாங்க நின்றபோது அவன் ட்ரைசைக்கிள் மேல் ஏறிக் கத்தினான். "எல்லாரும் கேளுங்கய்யா! என் பொண்ணுக்குக் காசு வேணாம், பொம்மை வேணாம். அன்னிக்குக் காதுல குடுத்த வார்த்தையத் திருப்பிக் குடுங்க, போதும். மூணு வருஷப் பாக்கியும் அதோட தீந்துது!"

மாமரத்திலிருந்து கார்டிங்கின் குரல் கேட்டது: "வார்த்தை மட்டுந்தானா, பாரே?"

"வார்த்தை மட்டுந்தான், பாரே." பிள்ளையின் அப்பனும் ஞானத்தந்தையும் ஒருவரையொருவர் பாரே என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அத மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? ஒம்பது நாளா எறும்பு கடிக்குதய்யா இங்க!"

காசு செலவில்லாத பரிசு என்றதும் ஞானப்பெற்றோர் வரிசையில் நின்றார்கள், முண்டியடித்தார்கள், ஜெஸ்ரிலின் கன்னத்தைக் கிள்ளினார்கள். சொல்லை மெங்கின் காதில் சொன்ன நிமிடமே அது அவர்களை விட்டுப் போனது. கார்டிங் தொப்பென்று விழுந்து, முதல் வேலையாகச் செருப்பு வாங்கப் போனார். அன்செல்மோவின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவனை உற்றுப் பார்த்து, "இவ்வளவு வயசாயிடுச்சா ஒங்களுக்கு?" என்றாள்.

சலுத் மட்டும் தயங்கினாள். மழையை நம்பித்தான் அவள் சலவைத் தொழிலும் கீரைப் பாத்தியும் நடந்தன. "மழையக் குடுத்துட்டு நான் எதுல தொவைக்கிறது, மெங்? ஒனக்குச் சொல்லு, எனக்குச் சோறு" என்றாள்.

"நிதா வரணும், அத்தே."

சலுத்தின் கணவன் சவுதிக்குப் போய்ப் பதினாறு வருடம் ஆகிறது. கடைசியாக அவனிடமிருந்து வந்தது ஒரு போர்வை. அவள் கூரையிலிருந்து ஒழுகுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "காதக் குடு" என்றாள். சொன்னதும் மழை நின்றது. கொடியில் கிடந்த துணிகள் மூன்று வருடத்தில் முதல் முறையாக அன்று மதியத்துக்குள் காய்ந்தன. அவள் அழுதாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதினொன்று சேர்ந்தது. பன்னிரண்டாவது பெயர் எவாஞ்செலின், துபாயில் வேலை. மெங் இரவல் போனில் கூப்பிட்டான். "என்ன வார்த்தை? நான் அன்னிக்கு வரவே இல்லையே, சாக்லேட்டுதானே அனுப்பினேன்" என்றாள் அவள். வராதவர்களுக்குப் பதிலாக யாரையாவது மெழுகுவர்த்தி பிடிக்க நிறுத்துவது வழக்கம். யாரை நிறுத்தினோம் என்று ஊரில் ஒருவருக்கும் நினைவில்லை. ஐஸ்கிரீம்காரன் என்றார்கள், போட்டோக்காரனின் மச்சான் என்றார்கள். மெங் கோவில் அலுவலகத்துக்கு ஓடினான். அங்கே முப்பது வருடமாகப் பதிவேடு எழுதும் சபீனா அம்மாள் பக்கத்தைப் புரட்டினாள். பதிலாள் என்ற இடம் வெறுமையாக இருந்தது.

"எழுதலையே, ஏன்?"

"எழுதக் கூடாத ஆளு நின்னா எப்பிடி எழுதுறது? ஆள் கெடைக்கலன்னு ஒம்பொண்டாட்டியே பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு மெழுகுவத்தி பிடிச்சா. பெத்தவ ஞானத்தாய்க்கு பதிலா நிக்க சட்டம் இல்ல. ஆனா ஞானப்பெத்தவங்க தலைக்கு அம்பது பெசோ கட்டியாச்சே, திருப்பித் தர எங்களுக்கு மட்டும் சட்டம் இருக்கா?"

மெங் வீட்டுக்கு வந்து சமையலறையில் நின்றான். "சரிங்க மேடம், பாப்பா தூங்கிட்டாங்க" என்றது சுவர். எதிரொலி. மூன்று வருடமாகத் தன் வீட்டில் இருந்ததும் ஒரு சொல்லின் வேலைதான் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. நெற்றியில் அடித்துக்கொண்டு நிதாவைக் கூப்பிட்டான்.

"ஞானஸ்நானத்தன்னிக்கு ஒன் காதுல நான் ஏதாச்சும் சொன்னேனா?"

"சொன்ன. ஜின் நாத்தத்தோட."

"என்னன்னு கேக்கலையா?"

"கொஞ்சுறேன்னு நெனச்சேன், மனுஷா. ஊருக்குப் போற பொண்டாட்டிகிட்ட வேற என்ன சொல்லுவாங்க?"

"நெனவிருக்கா அது?"

"மூணு வருஷமா ஒரு மனுஷன் என் காதுல வாய்வச்சுச் சொன்ன கடைசி வார்த்தை அதான். மறப்பேனா?" என்றாள். அவள் குரல் போனிலும் சுவரிலும் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தது.

போனில் சொல்லக் கூடாது என்பது விதி. அவள் தனியாக முணுமுணுத்தால்கூட மெங்கின் சமையலறையில் கேட்கும். விஷயம் பரவியதிலிருந்து ஜன்னல் பக்கம் பாதி ஊர் காது வைத்திருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. எனவே நேரில் வந்துதான் சொல்ல வேண்டும் என்று முடிவானது. சீனப் புத்தாண்டுக்குக் கிடைத்த ஐந்து நாள் விடுப்பில், பழைய ஒப்பந்தம் முடிய சில வாரமே இருக்க, புது ஒப்பந்தத்தைக் கையெழுத்திடாமல் பையில் வைத்துக்கொண்டு நிதா வந்து இறங்கினாள். ஜெஸ்ரில் மெங்கின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "இந்த ஆன்ட்டி யாரு?" என்றாள். "அம்மாடா" என்றான் மெங். "அம்மா செவத்துல இருக்கா" என்று குழந்தை திருத்தினாள். நிதா சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று மாலை நிதா கணவன் காதில் அந்தச் சொல்லைச் சொன்னாள். தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் காதிலேயே இருந்தாள். புதுக் கைபேசியில் பன்னிரண்டையும் வரிசையாகப் போட, வாலட் திறந்தது. அடுப்புக்கும் மெஷினுக்கும் போக இருபத்தோராயிரத்துச் சொச்சம் பெசோ மிச்சம் வந்தது. அதில் ஐந்தாயிரத்தைச் சலுத்துக்குக் குழாய் இணைப்பு போட என்று நிதா எடுத்துவைத்தாள். கையெழுத்திடாத ஒப்பந்தம் அடுப்புப் பற்றவைக்கப் பயன்பட்டது.

சாப்பாட்டுக்கு முன்னால் ஜெஸ்ரில் வழக்கம்போலச் சமையலறைக்குப் போய்ச் சுவரில் கன்னத்தை வைத்து, "அம்மா, மிட்டாய் எடுத்துக்கட்டா?" என்றாள். சுவர் பேசவில்லை. இன்னொரு முறை கேட்டாள். பலகையைத் தட்டினாள். உதடு பிதுங்கத் தொடங்கியது.

"கூடாது" என்றாள் பின்னால் நின்ற நிதா. "மொதல்ல சோறு. பல்லப் பாரு, எலி கடிச்ச மாதிரி இருக்கு."

ஜெஸ்ரில் வாழ்க்கையில் முதல் முறையாக மறுப்பு ஒன்றைக் கேட்டாள். மெல்லத் திரும்பி அந்தக் குரல் வந்த வாயைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். மறுபடி வாயைப் பார்த்தாள்.

"வெளிய வந்துட்டியா?"

"வந்துட்டேன்."

"திரும்ப உள்ள போவியா?"

"போக மாட்டேன். வா, சாப்பிடு."

ரொட்டிக்கடை ஜூன் மாதம் திறந்தது. சிறிய பான்தெசால் ரொட்டி ஒன்று மூன்று பெசோ. ரொட்டி வாங்க வருகிறவர்களிடம் ஜெஸ்ரில் தன் அம்மா மூன்று வருடம் சுவருக்குள் இருந்ததையும், தான் கேட்டுக்கேட்டு வெளியே வரவைத்ததையும் சொல்லுவாள். அவர்கள் சில்லறையை எண்ணிக்கொண்டே, "ஆமா, பலகைச் சுவர்தானே, உள்ள ரொம்பக் குளிரா இருந்திருக்கும்" என்பார்கள். "இருந்துச்சு" என்பாள் நிதா, ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே.