லாக் நட்டுக்கு ஒரு முடிவு

1

இவரிடம் கேட்பதைவிட மூன்று சக்கரத்திலேயே ஓட்டிக்கொண்டு போய்விடலாம்.

பஞ்சரான காரோடு பட்டறைக்கு வந்தவள் தன் கணவரைப் பற்றி நினைத்ததுதான், சொல்லவில்லை. தொலைபேசியில் அவரிடம் சொன்னது, "சாவி உங்ககிட்டதான் இருக்கும், பாருங்க" என்பது மட்டும். ஆயில் மாற்றக் காரை விட்டுவிட்டு, அதே பட்டறையின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் காதில் அது விழுந்தது. நினைத்தது என் கைவரிசை. ஒட்டுக்கேட்பதை எழுதுகிறவர்கள் 'அவதானிப்பு' என்போம்.

2

முதலில் வேறு மாதிரி தொடங்கியிருந்தேன்: "திருமணம் என்பது துருப்பிடித்த ஒரு நட்டு..." வேண்டாம். இந்த நட்டில் துரு இல்லை, பளபளவென்று இருந்தது.

பஞ்சரான சக்கரத்தின் முன் குந்திய மெக்கானிக், "சாவி குடுங்கம்மா" என்றார். அவள் கார்ச் சாவியை நீட்டினாள்.

"இது இல்லம்மா. லாக் நட்டுச் சாவி. சக்கரத்தைத் திருடக் கூடாதுன்னு ஒரு நட்டை மட்டும் தனி வடிவத்துல போட்டிருக்காங்க பாருங்க. அதுல பொருந்துற குட்டி மூடி மாதிரி ஒண்ணு இருக்கும்."

"எனக்கே தெரியாதே."

"அப்பத் திருடனுக்கும் தெரியாது. நல்ல பூட்டுதான்."

[அவள் கணவரின் வீட்டைவிட்டுக் கிளம்பி, தன் அக்கா வீட்டில் இருக்கிறாள். நாளைக் காலை வேறு ஊரில் வேலையில் சேர வேண்டும். கார் அவள் சம்பளத்தில் வாங்கியது. லாக் நட்டு, பாதுகாப்புக்காக அவர் போட்டது. இதையெல்லாம் கதைக்குள் நயமாக நுழைக்கத் தெரியாமல் அடைப்புக்குள் போட்டிருக்கிறேன்.]

3

கணவர் தொலைபேசியில் திரும்பக் கூப்பிட்டார். குரல் பட்டறைக்கே கேட்டது.

"பத்திரமா எங்கிட்டதான் இருக்கு. வீட்டுக்கு வா, தரேன்."

"இங்க பட்டறைக்கு யார்கிட்டயாவது குடுத்தனுப்புங்க."

"குடுத்தனுப்ப அது என்ன கல்யாணப் பத்திரிகையா? இருக்கற வீட்டை விட்டுட்டு வேலை வேலைன்னு ஓடறியே, மரை கழண்டுடுச்சா உனக்கு?"

"கழண்டிருந்தா நான் ஏன் இந்தப் பாடு படறேன்?" என்று மெக்கானிக் நட்டிடம் முணுமுணுத்தார்.

[மரை என்றாலும் நட்டுதான். நம் மொழியில் அது கழன்றால் பைத்தியம், கழலாவிட்டால் குடும்பம். இந்த வாக்கியத்தை ஒவ்வொரு வரைவிலும் அடித்தேன். மறுபடி முளைக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.]

4

நட்டைவிட ஒரு நூல் சிறிதான பழைய ஸ்பேனர் சாக்கெட்டை அதன் தலையில் வைத்து மெக்கானிக் சுத்தியலால் அறைந்தார். அது ஏறி இறுகியது. நீளக் கம்பியை மாட்டி ஒரு காலால் மிதித்தார். நட்டு அசையவில்லை.

"இன்னொரு மிதி மிதிச்சா ஒண்ணு வரும், இல்ல உடையும். அப்புறம் அந்தச் சாவி வந்தாலும் பொருந்தாது. என்ன சொல்றீங்க?"

அப்போதுதான் கணவர் வந்து இறங்கினார். இதுவரை அவர் எனக்கு வாகான வில்லன். ஆனால் சட்டை நனைய வேர்த்திருந்தார். ஒரு கையில் சாவி, மறு கையில் குளிர்ந்த தண்ணீர் பாட்டில். வில்லன்கள் தண்ணீர் வாங்கிவருவதில்லை. என் கதை கெட்டது அங்கேதான்.

"வெயில்ல நிக்கறியே. முதல்ல இதைக் குடி" என்றார். பிறகு சாவியை உயர்த்திக் காட்டினார். "நாளைக்குப் போகலைன்னு ஒரு வார்த்தை சொல்லு. இந்தா, நானே கழட்டித் தரேன்."

5

முடிவு ஒன்று: அவள் அந்த ஒரு வார்த்தையைச் சொல்கிறாள். சக்கரம் சுலபமாகக் கழல்கிறது. அதன் பிறகு அவள் (இதற்கு மேல் பேனா ஓடவில்லை.)

முடிவு இரண்டு: நட்டு தெறித்து உருண்டு அவர் காலடியில் போய் நிற்கிறது. (சினிமா.)

உண்மை முடிவு என்னிடம் இல்லை. என் கார் தயார் என்று கூப்பிட்டார்கள், நான் கிளம்பிவிட்டேன். நட்டு வந்ததா, உடைந்ததா, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தபோது அவளைத்தான் கெஞ்சினேன்: பொய்யாகவாவது அந்த வார்த்தையைச் சொல்லிவிடு, சாவியை வாங்கிக்கொண்டு பிறகு உன் பாட்டுக்குப் போ, கதையும் முடியும்.

அவள் தண்ணீர் பாட்டிலை மட்டும் வாங்கி ஒரு மடக்குக் குடித்தாள். மெக்கானிக் பக்கம் திரும்பினாள்.

"நீங்க மிதிங்கண்ணா."